கிளி ஐந்து நாள் பேசாது

2001.09.02 ஞாயிறு

இது என் மகன் நேசனின் கொப்பி. ஒரு வருடம் இரண்டு உயிர்களைப் பார்த்து ஒப்பிட்டு எழுதச் சொல்லி விஞ்ஞான ரீச்சர் கொடுத்த வேலை. பக்கத்தின் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருக்கிறான். இடது பக்கம் கிளி, வலது பக்கம் மரத்தவளை. நான் தேரை என்பேன். "தேரை வேற, இது மரத்தவளையம்மா" என்று திருத்துவான்.

கடைசியாக எழுதிய திகதி 2000.08.24. "கிளி: வயல் வட்டையில் இன்று எழுபது எண்பது இறங்கின. கதிர் பால் பிடித்திருக்கிறது." வலது பக்கம் ஒன்றும் இல்லை. வந்து எழுதலாம் என்று விட்டிருப்பான். அன்று பின்னேரம் தகரம் தட்டிக் கிளி கலைத்துக்கொண்டு நின்ற இடத்தில்தான் பீரங்கிச் செல் விழுந்தது.

ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. கொப்பியில் பாதிக்கு மேல் வெறுந்தாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும்.

கிளி: இரண்டு மிளகாய், கொஞ்சம் சோறு. காலையில் "அம்மா, சோத்தப் போடு" என்றது. அவன் குரல்தான். போன வருடம் உடைந்திருந்த அந்தக் கரகரத்த குரல். எண்ட வீட்டில அவன்ட குரல் மிச்சமிருக்கிறது அந்தக் கூட்டுக்குள்ள மட்டும்தான்.

மரத்தவளை: நெல்லறைச் சுவரில் இருக்கிறதாம். மகள் தயா சொன்னாள்.

தயா எங்கே இருந்து சொன்னாள்? எழுதலாமா? எழுதிவிட்டேன். கொப்பி அரிசிப் பானைக்குள் இருக்கும்.

2001.09.03

கிளி: ஒரு மிளகாய். மரத்தவளை: அதே இடம்.

2001.09.05 புதன்

அவர்கள் இன்று கோயிலடி வரை வந்தார்கள். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்கிறார்கள். எனக்கு இருந்தது இரண்டு. ஒன்று போய்விட்டது, மற்றதை விடுங்கள் என்று கேட்டதற்கு, செல்லில் செத்தது கணக்கில் வராது என்றார்கள்.

தயாளினிக்குப் பதினைந்து. ஆடி மாதம் தொடங்கி, அவள் தன்னாமுனையில் என் அக்கா சீதேவிப்பிள்ளை வீட்டில் நின்று படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அனுப்ப நினைத்த கிழமைதான் வாவிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் காவல் போட்டார்கள், அந்தப் பக்கம் ஆமி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாண்ட விடுவதில்லை. பிள்ளை நெல்லறைக்குள் மாட்டிக்கொண்டது.

அறுபத்தெட்டு மூட்டை கூரை முட்ட அடுக்கியிருக்கிறது. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு பாய் அகலம். நாய் குரைத்தால் அவள் உள்ளே. ஆட்கள் போன பிறகு நான் சுளகில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அவளுக்குப் பொறுக்காது. நான் தட்டுமுன்னமே காற்றுக் குரலில் கேட்பாள்: "போயிட்டாங்களாம்மா?"

பின்னேரம் கிணற்றடியில் பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளையைக் கண்டேன். அவள் மகள் சுகந்தியை ஆடியில் கொண்டுபோனார்கள். தயாவின் வகுப்புத்தான்.

"உண்ட மகள் தன்னாமுனையில நல்லாச் சாப்பிடுறாளாகா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"சாப்பிடட்டும். எங்கட வளவில 'எம்மோ' எண்டு கூப்பிட ஆளில்ல. நான்தான் கோழியக் கூப்பிட்டுக்கொண்டு திரியிறன்."

சுகந்தி சிறுபிள்ளையிலிருந்து அம்மா என்று சொன்னதில்லை. எம்மோ என்றுதான். ஊரில் வேறு எந்தப் பிள்ளையும் அப்படிக் கூப்பிடாது. நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தெரியுமா? என் வாளியில் இரண்டு பேரின் தண்ணீர் என்று அவள் எண்ணிவைத்திருப்பாளா?

2001.09.07

கிளி சொல்லிவிட்டது.

காலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தயாவின் காற்றுக் குரல், "போயிட்டாங்களாம்மா?" ஏன் இவள் வெளியே வந்தாள் என்று திரும்பினால் தயா இல்லை. கூடு. கிளி தலையைச் சரித்து என்னைப் பார்க்கிறது. திரும்பவும் கேட்டது. அதே மூச்சு, அதே பயம்.

பிழை என்னுடையது. பிள்ளை தனிய இருக்கிறாளே என்று கூட்டை இரண்டு கிழமை நெல்லறைக்குள் தூக்கி வைத்தது நான்தான். எண்ட கையால செஞ்சன். பயந்துகொண்டு சொல்கிற சொல்லைத்தான் கிளி முதலில் பிடிக்கும் என்று நேசன் இந்தக் கொப்பியிலேயே எழுதியிருக்கிறான். நான் இன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தை வாசித்தேன்.

2001.09.08

கூட்டை வெளியே, மாமரத்தில் கட்டினேன். துணி போட்டு மூடினேன். பட்டப்பகலில் கிளியை ஏன் மூடுகிறாய் என்று ரோட்டால் போனவர் கேட்டார். கழற்றினேன்.

தயாவிடம் சொன்னேன்: இனி இந்த வீடு நெல்லடிக்கிற களவெட்டி. சூடு அடித்து நெல் அளக்கும்போது களத்தில் யாராவது வாய் திறப்பார்களா? போ என்கிற சொல்லைச் சொல்லுவார்களா? பூதம் கேட்டுவிட்டால் அளந்த பொலி நெல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படி இரு. ஒன்றும் கேட்காதே. சுளகு தட்டுவேன், அதோடு சரி.

தலையாட்டினாள். பிறகு சுவரைக் காட்டினாள். மரத்தவளை அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. சுவரின் மண்நிறம். கண் இல்லையென்றால் எனக்குத் தெரிந்திராது. "நாலு நாளா நான் பாக்கிறன். ஒரு விரலும் அசையல்லம்மா" என்று என் காதுக்குள் சொன்னாள். அவள் அதற்குப் போட்டியாக இருந்து பார்க்கிறாளாம். தோற்றுப்போகிறாளாம்.

கிளியைப் பறக்கவிடலாம். செட்டை நறுக்கியது, தூரம் போகாது. கொல்லலாம். கை போகுமா? அது சோறு கேட்கிற குரலில் கேட்டால்?

2001.09.12 புதன்

எழுதி முடிக்கவேணும்.

காலை ஒன்பது மணி இருக்கும். மூன்று பேர் வந்தார்கள். கட்டை முடி வெட்டிய பிள்ளை ஒன்றுதான் அவர்களுக்குப் பெரியவள். இருபது வயது இருக்காது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். தன்னாமுனையில் மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். சொன்னேன். என்ன வகுப்பு, யார் வீடு, எப்போது போனாள். எல்லாம் மனப்பாடம், சொன்னேன். மற்றவன் நெல்லறை வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தான். அந்த நேரம் பார்த்து மாமரத்திலிருந்து கேட்டது.

"போயிட்டாங்களாம்மா?"

அவள் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். "ஆர் போனது?"

என் வாய் தானாகப் பேசியது. மகன் பழக்கினது, முந்தி ஆமி சுற்றி வளைக்கும்போது ஒளித்திருந்து இப்படித்தான் கேட்பான், அவன் செத்து ஒரு வருடம் என்றேன்.

"பொம்பிளப்புள்ளைட குரல் மாதிரிக் கிடக்கு."

"அப்ப அவனுக்குக் குரல் உடையல்ல தங்கச்சி."

அதோடு விட்டிருப்பாள். கிளி விடவில்லை. "அம்மா, சோத்தப் போடு" என்றது, உடைந்த குரலில்.

"மகன் ரெண்டு குரல் வைச்சிருந்தவரோ?" என்றாள். சிரிக்கவில்லை.

மூட்டைகளை இறக்கிப் பார்ப்போமா என்று வாசலில் நின்றவன் கேட்டான். அவள் போய் மாமரத்திலிருந்து கூட்டைக் கழற்றினாள். "அறுவத்திச்சொச்சம் மூட்டை. ஆர் இறக்கிறது? இதக் கொண்டுபோவம். கொஞ்ச நாள் வைச்சிருந்தா இதுவே எல்லாம் சொல்லும்."

சைக்கிள் ஹாண்டிலில் கூடு ஆடிக்கொண்டு போனது. என் பிள்ளையைத் திரும்பவும் ஒருமுறை கொண்டுபோகிறார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூட இல்லை. செத்தவனை வைத்துப் பொய் சொன்னேன், அதையும் அவன் குரலே பிடித்துக் கொடுத்தது.

சுளகு தட்ட மறந்துபோனேன். பிள்ளை மத்தியானம் வரை மூச்சுக் காட்டவில்லை.

2001.09.13

கொப்பியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தோம். தயா வாசித்தாள், உதடு மட்டும் அசைத்து.

"2000.01.17. கிளி: ஊரோடு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். இடம் மாறியதால் கிளி பேசவில்லை." அடுத்த நாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும். "2000.01.22. ஐந்து நாள் பேசாமல் இருந்த கிளி இன்று காலை தெரிந்ததையெல்லாம் ஒரேயடியாகப் பேசியது."

அதே திகதியில் வலது பக்கம்: "மரத்தவளை: போத்தலில் கொண்டுவந்தேன். இடம் மாறினாலும் அதற்கு ஒன்றுமில்லை. கால்களை வயிற்றுக்குக் கீழே மடித்து, கையை நெஞ்சோடு சேர்த்து இருக்கிறது. அப்படி இருந்தால் உடம்பின் ஈரம் போகாது. ஆள் கிட்ட வந்தால் கத்துவதை நிறுத்துகிறது."

ஐந்து நாள். நேற்றுக் கொண்டுபோனார்கள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். செவ்வாய் விடிய அது வாய் திறக்கும். அந்த இரண்டு கிழமை தயா அதற்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டேன். பிள்ளை முகத்தை மூடிக்கொண்டது. தன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாளாம். "மூட்டைக்குப் பின்னால இருக்கிறன்" என்றும் விளையாட்டுக்குச் சொன்னாளாம்.

2001.09.14

நெல் வாங்க வருகிற முஸ்லிம் அண்ணன் உசனார் காக்கா ஓட்டமாவடியிலிருந்து இருபத்தைந்தாம் திகதிதான் வருவார். அவர் முந்தி வரவேண்டும். சொல்லி அனுப்ப ஒரே ஒரு ஆள்தான் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் வான் ஓட்டுகிற நல்லரத்தினம். அவன் இலட்சுமிப்பிள்ளையின் தம்பி.

மகளைப் பறிகொடுத்தவளிடம் போய், மகளைக் காப்பாற்ற உதவி கேட்பதா? இரண்டு தரம் வேலி வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் அவளே கூப்பிட்டாள்.

நெல்லில் எலி விழுந்துவிட்டது, திங்களுக்குள் உசனார் காக்கா வந்து ஏற்றச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிடு என்றேன்.

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "எலியா கண்ணகை? எத்தின கால் எலி?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

"எண்ட புள்ளையக் கொண்டுபோகக்குள்ள நீ கதவச் சாத்திக்கொண்டு இருந்தாய்" என்றாள். உண்மைதான். அன்று நான் தயாவை மூட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். சுகந்தி எம்மோ எம்மோ என்று ரோட்டு முனை வரை கத்தியது எனக்குக் கேட்டது.

அதோடு உள்ளே போய்விட்டாள்.

2001.09.15

பதில் இல்லை. அவள் சொன்னாளா, சொல்லவில்லையா? சொல்லவேண்டிய இடத்துக்குச் சொல்லாமல் வேறு இடத்துக்குச் சொல்லியிருந்தால்?

2001.09.16

இல்லை.

2001.09.17 திங்கள்

பத்தரைக்கு லொறிச் சத்தம். முன்சீற்றில் உசனார் காக்காவோடு அவர் மனைவி ஹவ்வா உம்மா. நெல் ஏற்ற உம்மா ஒருநாளும் வந்ததில்லை.

"எலி எண்டு சொல்லி அனுப்பியிருந்தீங்க தங்கச்சி. இருபது வருசமா நெல்லு வாங்கிறன், எலிக்குப் பயந்து ஆரும் என்ன அவசரமாக் கூப்பிட்டதில்ல" என்றார் காக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய எலியா சின்ன எலியா என்று கேட்டார். பதினைந்து வயது என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அவ்வளவுதான்.

லொறியைப் பின்பக்கமாக நெல்லறைக் கதவோடு ஒட்டி விட்டார். ஏற்றினது அவரும் அவர் மச்சானும் நானும். பொலி வீட்டை விட்டு இறங்கும்போது வழக்கப்படி யாரும் கதைக்கவில்லை. ரோட்டால் போனவர்களுக்கும் அது புதினமாய்த் தெரிந்திராது. நடுவில் ஒரு குழி விட்டு அடுக்கினார். இந்தப் பக்கக் காவலில் குத்தூசியால் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். அது ஒரு முழம்தான் போகும், பக்கத்துக்கு இரண்டு மூட்டைக் கனம் வைத்திருக்கிறேன் என்று விரலால் காட்டினார். அதைத் தாண்டினதும் பாலத்துக்குக் கிட்ட வாவிக்கரையில் இறக்கி, ஹவ்வா உம்மாவோடு முன்சீற்றில் இருத்தி, பிறப்புச் சான்றிதழோடு ஆமிக்காவலைத் தாண்டுவது. தன்னாமுனை அவர் போகிற வழியில்தான்.

மூட்டை குறையக் குறைய தயா இருந்த இடம் வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக அந்தச் சுவரை நம்பித்தானே இருந்தேன்.

குழிக்குள் இறங்குமுன் அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, காலை வயிற்றோடு மடித்து, கையை நெஞ்சோடு சேர்த்து இருந்து காட்டினாள். சரியா என்று கண்ணால் கேட்டாள்.

"கால் மரத்தா மரக்கட்டும் மகள். மூச்ச மட்டும் விடு" என்றார் ஹவ்வா உம்மா.

போயிட்டு வா என்று சொல்ல வாய் வந்தது. பொலி இறங்கும் இடத்தில் போ என்று எப்படிச் சொல்வேன்? தலையைத் தடவினேன். மேலே மூட்டை வைத்தார்கள்.

2001.09.18

இன்று ஆறாம் நாள். எங்கேயோ அது பேசிக்கொண்டிருக்கும்.

2001.09.19

இதைப் பிறகுதான் எழுதுகிறேன். நினைத்தது போலவே வந்தார்கள். அதே பிள்ளை, கூட ஐந்து பேர். "உங்கட கிளி நேத்து விடியச் சொல்லிப்போட்டுது. தயாளினி மூட்டைக்குப் பின்னால இருக்கிறாளாம்."

மூட்டை எங்கே? விற்றுவிட்டேன் என்றேன். அறையைத் திறந்து காட்டினேன். வெறுந்தரை, சிந்தின நெல், ஒரு பாய். அவள் பாயைத் தூக்கினாள். அதன் அடியிலிருந்து மரத்தவளை பாய்ந்து அவள் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. வீலென்று கத்திக்கொண்டு துள்ளினாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. யாரோ பெற்ற பிள்ளை. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு என்னைச் சைக்கிளில் ஏறு என்றாள்.

2001.09.27

நேற்று விட்டார்கள். ஒரு கிழமை பதுங்குகுழி வெட்டினேன், அவர்களுக்குச் சமைத்தேன். அடிக்கவில்லை. தயாவைத் திருப்பி எடுக்கச் சொன்னார்கள். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஓரிடத்தில் தூரத்துக் கொட்டிலிலிருந்து கிளியின் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போகவிடவில்லை.

இவ்வளவு நாளும் பிள்ளை பாலம் தாண்டினாளா என்று எனக்குத் தெரியாது.

இன்று மத்தியானம் இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். நல்லரத்தினம் கொண்டுவந்ததாம். கோடு போட்ட கொப்பித்தாள், தயாவின் எழுத்து, வலது பக்கம் மட்டும்:

"மரத்தவளை: இடம் மாறியது. கால் மடித்தபடி இரண்டரை மணித்தியாலம். ஒரு குத்து சட்டை வரை வந்தது. அசையவில்லை. கத்தவில்லை."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"தேரைக்குச் சுகமாம்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. வாசித்திருக்கிறாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

தாளைச் சோற்றுப்பசையால் இங்கே ஒட்டியிருக்கிறேன்.

2001.10.30

முதல் பெருமழை. மரத்தவளை கத்துகிறது, மரத்தில் தட்டுகிற மாதிரி. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நுரை வைத்திருக்கிறது. நுரைக்குள் முட்டை என்று நேசன் எழுதியிருக்கிறான். குஞ்சுகள் தாங்களாகத் தண்ணீருக்குள் விழுமாம்.

2001.11.21

அந்தப் பிள்ளை தனியாக வந்தாள். கையில் கூடு.

"நீங்களே வைச்சிருங்க. புதுப்புள்ளையள் அழுதா இதுவும் அழுது. அடங்கினதுகள் இதக் கேட்டுத் திரும்ப அழுதுகள். கழுத்தத் திருகச் சொன்னவங்க." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் செய்யல்ல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

கிளி: வால் இறகு இரண்டு இல்லை. பேசவில்லை. இடம் மாறியதல்லவா.

2001.11.27

ஆறாம் நாள். விடியவே அடுப்பை விட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். நேசனின் குரல் வருமா என்று.

வந்தது. "அம்மா, சோத்தப் போடு." கும்பிட்டேன்.

பிறகு ஒரு விம்மல். பிள்ளை ஒன்று மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "எம்மோ. எம்மோட்ட விடுங்க."

தயா இல்லை. நேசன் இல்லை. எனக்கு அந்தக் குரல் தெரியும். ரோட்டு முனை வரை கேட்ட குரல். கூட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

2001.12.04

கூடு நெல்லறைக்குள் இருக்கிறது. அறை வெறுமை, சத்தம் எதிரொலிக்கிறது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று இலட்சுமிப்பிள்ளைக்கு ஒரு சேதியும் இல்லை. அந்தச் சேதி என் வீட்டில் இருக்கிறது. ஆனால் இந்த அழுகையை எந்தத் தாய் கேட்பாள்? இதைச் சொன்னால் கொன்றுவிடுவேனா, சொல்லாவிட்டால் கொல்லுகிறேனா?

இன்னொன்றையும் எழுதவேண்டும், எழுதாவிட்டால் பொய். கேட்டால் கிளியைத் தா என்பாள். கொடுத்தால் எண்ட மகனும் போவான்.

2001.12.11

இன்றும் கிணற்றடியில் அவளைக் கண்டேன். வாளியோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

2001.12.27 வியாழன்

சண்டை நிற்கப்போகிறது என்று றேடியோவில் சொன்னார்களாம். பிள்ளைகளை விடுவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது.

திங்கள் காலை கூட்டைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன். அவள் வாசலில் வைத்தேன். சுகந்திட குரல் இதுக்குள்ள இரிக்கு கண்ணகை அம்மன்மேல சத்தியமா, ஆனா அழுகுது, கேக்க ஏலுமா எண்டு யோசி என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். உள்ளே போய் ஒரு வாங்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டுக்கு முன்னால் போட்டாள். தள்ளி இருந்து எனக்கும் இடம் விட்டாள்.

கிளி: இடம் மாறியது. ஐந்து நாள் பேசாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். அடுப்பு வேலையை முடித்துவிட்டு நானும் போகவேண்டும்.

மரத்தவளை: தொட்டிக்குள் வாலோடு பதினொரு குஞ்சு.